சூடோ போட்டும் ஓடாத பெர்ஃப், பிபிஎஃப்டிரேஸ்: சில வருட அனுபவம்

லினக்ஸ் சர்வர் திணறினால் நான் முதலில் எடுப்பது, நேரம் எங்கே போகிறது என்று அளக்கும் பெர்ஃபையும், கெர்னலுக்குள் நடப்பதைத் தடம் பார்க்கும் பிபிஎஃப்டிரேஸையும்தான். சில வருடங்களாக இவை இல்லாமல் வேலை ஓடியதில்லை. ஆனால் புது மெஷினில் முதலில் வருவது பெரும்பாலும் பெர்மிஷன் எர்ரர். உடனே சூடோ போட்டு ரூட்டாக, அதாவது அட்மின் உரிமையோடு, ஓட்டத்தான் கை போகும். அதற்கு முன் எர்ரர் வரியை முழுசாகப் படித்துவிடுங்கள்.

பெர்ஃப் இதில் நல்ல பிள்ளை. பெர்ஃப் ஈவென்ட் பாரனாய்ட் என்ற செட்டிங்தான் தடுக்கிறது என்று அதுவே சொல்லிவிடும். லினக்ஸின் மையமான கெர்னலில், 4.6 முதல் அதன் டிஃபால்ட் 2. அதாவது சாதாரண யூசர் தன் புராசஸை அளக்கலாம், கெர்னலுக்குள் எட்டிப்பார்க்க முடியாது. அதை -1 ஆக்கிவிடு, கிட்டத்தட்ட எல்லாத் தடையும் போய்விடும் என்று பலரும் சொல்வார்கள். பலர் புழங்கும் சர்வரில் அது ஆபத்து, நான் செய்வதில்லை. கெர்னல் 5.8-ல் வந்த கேப் பெர்ஃப்மான் (முழு ரூட் இல்லாமல் அளப்பதற்கு மட்டுமான உரிமை) இருக்கும்போது அதற்குத் தேவையும் இல்லை. ஒரு குரூப்புக்கு மட்டும் பெர்ஃபை ஓட்டும் உரிமை கொடுத்து, அந்த பைனரிக்கு செட்கேப் என்ற கட்டளையால் கேப் பெர்ஃப்மானைக் கொடுத்தால் போதும். இவ்வளவு நாளில் எனக்கு மிகவும் பிடித்த மாற்றம் இதுதான்.

பிபிஎஃப்டிரேஸ் ஓடுவது பிபிஎஃப் மேல், அதாவது கெர்னலுக்குள் சின்ன புரோகிராம்களை ஓட்டும் வசதி மேல். அந்தப் பக்கம்தான் உண்மையான தலைவலி. ரூட்டாக ஓட்டியும் "ஆபரேஷன் நாட் பெர்மிட்டெட்" வரும். அப்போது பிபிஎஃப்டிரேஸையே எஸ்ட்ரேஸுக்குள் (ஒரு புரோகிராம் கெர்னலிடம் வைக்கும் கோரிக்கைகளான சிஸ்டம் கால்களைக் காட்டும் கருவி) ஓட்டி, பிபிஎஃப் சிஸ்டம் காலை மட்டும் ஃபில்டர் செய்து பாருங்கள். மேப் (பிபிஎஃப் தரவைச் சேமிக்கும் இடம்) உருவாக்கும் வரியில் ஈபெர்ம், அதாவது அதே "நாட் பெர்மிட்டெட்" எர்ரர், வந்து, கெர்னலும் 5.11-க்கு முந்தையதாக இருந்தால், முதல் சந்தேகம் மெம்லாக் லிமிட் மேல், அதாவது ஒரு புராசஸ் எவ்வளவு மெமரியைப் பூட்டி வைக்கலாம் என்ற வரம்பின் மேல். உரிமைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை, லிமிட்டை ஏற்றினால் ஓடும். புரோகிராமை லோடு செய்யும் வரியில் ஈஆக்சஸ் என்றால், அதாவது "பெர்மிஷன் டினைட்", பெரும்பாலும் வெரிஃபையர் (பிபிஎஃப் கோடு பாதுகாப்பானதா என்று சோதிக்கும் கெர்னல் பகுதி) உங்கள் கோடை நிராகரித்திருக்கிறது. அங்கே படிக்க வேண்டியது வெரிஃபையர் லாக்.

டாக்கர் போன்ற கன்டெய்னருக்குள் ஓட்டுகிறீர்கள் என்றால் செக்காம்ப் ப்ரொஃபைலை, அதாவது எந்த சிஸ்டம் கால்களுக்கு அனுமதி என்ற பட்டியலை, பாருங்கள். டாக்கரின் டிஃபால்ட் ப்ரொஃபைல் இந்த இரண்டு கருவிகளின் சிஸ்டம் கால்களையும் தடுக்கும்.

இதெல்லாம் சரியாக இருந்தும் ரூட்டுக்கே கேப்ரோப் (கெர்னல் ஃபங்ஷனில் தடம் பார்க்கும் கொக்கி) மறுக்கப்பட்டால், ரூட்டையும் கட்டுப்படுத்தும் கெர்னல் லாக்டவுன் என்ற பாதுகாப்பைப் பாருங்கள். அதன் மிகக் கடுமையான கான்ஃபிடென்ஷியாலிட்டி நிலையில் கேப்ரோப் யாருக்கும் கிடையாது, ஓடும் கெர்னலில் லாக்டவுனைத் தளர்த்தவும் முடியாது. பூட் செட்டிங்கை மாற்றி ரீபூட் செய்ய வேண்டியதுதான்.