பீரோ சாவி யாரிடம்? பள்ளி நூலகத்துக்குப் பொறுப்பாசிரியரா, டேப்லட்டா, நூலகரா

எங்கள் ஊர் தொண்டிக்கும் தேவிபட்டினத்துக்கும் நடுவே, கடலை ஒட்டி இருக்கிறது. ஊரில் ஓர் உதவி பெறும் நடுநிலைப் பள்ளி. எட்டாம் வகுப்பு வரை 190 பிள்ளைகள். நான் ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். என் பிள்ளைகள் இரண்டு பேரும் அங்கேதான் படிக்கிறார்கள், அதனால் பள்ளிக் குழுவிலும் இருக்கிறேன். இரண்டரை வருடத்துக்கு முன் வெளிநாட்டில் வேலை பார்க்கும் எங்கள் ஊர்ப் பையன்கள் சேர்ந்து 3 லட்சம் ரூபாய் அனுப்பினார்கள். "ஆறாவது படிக்கிற புள்ளைகூட எழுத்துக்கூட்டித்தான் வாசிக்குதாம். வாசிக்கிறதுக்கு ஏதாச்சும் செய்யுங்கண்ணே" என்று ஒரே ஒரு வேண்டுகோள்.

கூட்டத்தில் மூன்று யோசனை வந்தது. மொத்தப் பணத்துக்கும் புத்தகமும் அலமாரியும் வாங்கி ஓர் ஆசிரியரைப் பொறுப்பாகப் போடலாம் என்றார்கள் சிலர். இருபது டேப்லட் வாங்கி வாசிப்புச் செயலிகளைப் போட்டுக் கொடுக்கலாம் என்றார்கள் இளவட்டங்கள். நூலக அறிவியல் படித்த ஒருவரைச் சம்பளத்துக்கு வைக்க வேண்டும் என்றார் தலைமையாசிரியை. கணக்குப் போடும் வேலை என்னிடம் வந்தது. மாதம் 12,000 என்றால் இரண்டு வருடத்துக்கு 2,88,000. புத்தகத்துக்கு மிஞ்சுவது 12,000. "புஸ்தகம் வாங்கக் காசில்லாம நூலகருக்குச் சம்பளமா?" என்று பாதிப் பேர் கேட்டார்கள். நானும் அந்தப் பக்கம்தான் இருந்தேன். இன்றைக்குக் கேட்டால் தலைமையாசிரியை சொன்னதுதான் சரி என்பேன்.

டேப்லட்டை முதலில் பேசி முடித்துவிடலாம். உப்புக்காற்றில் சார்ஜ் ஏற்றும் துளை பச்சை பிடித்துப்போவது கடற்கரையில் செல்போன் வைத்திருக்கும் எல்லோருக்கும் தெரியும். உடைந்தால் பழுது பார்க்க ராமநாதபுரம் போக வேண்டும். ஆனால் நாங்கள் வாங்கி நடத்திப் பார்க்கவில்லை. மேல் வகுப்புப் பிள்ளைகளுக்கு அது உதவவும் கூடும். அதற்கு எதிராக அடித்துப் பேச என்னிடம் அனுபவம் இல்லை. வாசிக்கவே தடுமாறும் பிள்ளைக்கு முதல் கருவியாக அதைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

பொறுப்பாசிரியர் என்பது எங்கள் பள்ளியில் ஏற்கெனவே பல வருடம் இருந்த ஏற்பாடு. அதை நன்றாகப் பார்த்திருக்கிறேன். இரண்டு இரும்பு பீரோ, 1,140 புத்தகம். கல்வி உரிமைச் சட்டம் 2009-இல் வந்தபோது அதன் அட்டவணையிலேயே, ஒவ்வொரு பள்ளியிலும் செய்தித்தாள், இதழ், கதைப் புத்தகம் உட்பட எல்லாப் பாடங்களுக்கும் புத்தகம் உள்ள நூலகம் வேண்டும் என்று எழுதியிருக்கிறது. அதை நடத்த ஓர் ஆள் வேண்டும் என்று அந்த அட்டவணையில் இல்லை. அந்த இடைவெளியில்தான் பொறுப்பாசிரியர் வருகிறார். அவருக்கு வகுப்பு உண்டு, பள்ளி விவரங்களை இணையத்தில் ஏற்றும் எமிஸ் பதிவு உண்டு, உதவித்தொகைப் படிவங்கள் உண்டு. நேரம் இல்லை என்பது எல்லோரும் சொல்லும் காரணம். எங்கள் பள்ளியில் பெரிய காரணம் பயம்.

ஒரு டீச்சர் ஓய்வு பெறும்போது பொறுப்பை ஒப்படைக்கப் புத்தகங்களை எண்ணினார்கள். பதிவேட்டில் இருந்ததில் 23 குறைந்தது. அத்தனைக்கும் அவர் கைக்காசு கட்டிவிட்டுத்தான் போனார். பிள்ளைகளுக்கு வீட்டுக்குக் கொடுத்து அனுப்பிய ஒரே டீச்சர் அவர்தான். அதற்கப்புறம் பொறுப்புக்கு வந்தவர்கள் பீரோவைப் பூட்டினார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன்; நானும் அதையேதான் செய்திருப்பேன். கணக்கு எடுப்பதற்காக அந்த பீரோவை நான் திறந்த நாள் நினைவிருக்கிறது. ஒரு புத்தகத்தை இழுத்தேன், பக்கத்துப் புத்தகத்தின் அட்டையும் கூடவே ஒட்டிக்கொண்டு வந்தது. ஒரு பிள்ளையின் கைகூடப் படாத புத்தகங்கள் ஈரத்தில் ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருந்தன.

ஆக, எங்களிடம் புத்தகத்துக்குப் பஞ்சம் இல்லை. இன்னும் மூன்று லட்சத்துக்கு வாங்கியிருந்தால் பூட்டிய பீரோ இரண்டு நாலாகியிருக்கும்.

இடையில் இன்னொரு மலிவான வழியையும் பார்த்தோம். ஊரிலேயே டிகிரி முடித்த பெண் ஒருவரை 6,000 ரூபாய்க்கு மூன்று மாதம் வைத்தோம். நல்ல உழைப்பாளி. தூசி தட்டி, உயரம் பார்த்துப் புத்தகங்களை அழகாக அடுக்கினார். ஆனால் ஒரு பிள்ளை வந்து "சுறா புஸ்தகம் இருக்கா மிஸ்?" என்று கேட்டால் எங்கே தேடுவது என்று அவருக்கும் தெரியாது. அதை யாரும் அவருக்குச் சொல்லிக் கொடுத்ததில்லை. படித்தவர் வேறு, இந்தப் படிப்பைப் படித்தவர் வேறு என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

பிறகு வந்தவர் உச்சிப்புளிப் பக்கத்துப் பெண், நூலக அறிவியல் பட்டமான பி.லிப். முடித்தவர். முதல் வாரம் அவர் செய்த வேலையைப் பார்த்து எனக்குக் கோபமே வந்தது. 1,140 புத்தகத்தில் 380-ஐத் தனியாக எடுத்துக் கழித்துவிட வேண்டும் என்றார். புத்தகத்தைத் தூக்கிப் போடுவதா? "அண்ணே, இதைப் பாருங்க" என்று ஒன்றைக் கையில் கொடுத்தார். பக்கத்தைப் புரட்டினேன், ஓரம் அப்பளம் போல நொறுங்கி விழுந்தது. தையல் ஓரத்தில் இராமபாணப் பூச்சி வெள்ளியாக மின்னி ஓடியது. அட்டை ஒட்டிய பசையில் இருக்கும் மாவுக்காக அது வருகிறது, ஒரு புத்தகத்திலிருந்து அடுத்ததுக்குப் போய்க்கொண்டே இருக்கும் என்றார். மிச்சம் பழைய நோட்ஸ், ஒரே தலைப்பில் ஒன்பது பிரதி, எந்தப் பிள்ளையும் தொடாத கல்லூரிப் பாடநூல். தலைமையாசிரியையிடம் கையெழுத்து வாங்கி, பதிவேட்டில் காரணம் எழுதி, முறையாகக் கழித்தார். பொறுப்பாசிரியர் யாரும் இதைச் செய்யத் துணிந்ததில்லை.

அடுத்து அடுக்குகளைச் சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி வைத்தார், ஓதம் ஏறாமல் இருக்க. பீரோ கதவுகளைக் கழற்றிவிட்டார். மூடி வைத்தால்தான் ஈரம் உள்ளேயே நிற்கும் என்றார். வசம்பைத் துணியில் முடிந்து மூலைகளில் வைத்தார். கடற்கரைப் பள்ளிக்குப் பராமரிப்பு என்றால் இவ்வளவும் உண்டு. வருடம் முழுக்க வாரா வாரம் உண்டு.

இப்போது சாவி விஷயம். காணாமல் போகும் புத்தகத்தைப் பற்றி அவருக்குப் பயம் இல்லை. கவனம் இருந்தது. மத்திய அரசின் பொது நிதி விதிகள், 2017-இல் இதற்கென்றே ஒரு விதி இருப்பதை அவர்தான் காட்டினார். ஒரு வருடத்தில் வழங்கிய, புரட்டிப் பார்த்த ஆயிரம் புத்தகத்துக்கு ஐந்து வரை தொலைவது நியாயமான இழப்பு. நேர்மைக்குறைவோ அலட்சியமோ காரணமாக இருக்கக் கூடாது. 20,000 புத்தகத்துக்கு உட்பட்ட நூலகம் என்றால் வருடா வருடம் முழுக்க எண்ணிச் சரிபார்க்க வேண்டும். எங்கள் பள்ளியை அந்த விதி கட்டுப்படுத்தாது. ஆனாலும் குழுவில் அதை எங்கள் அளவுகோலாக வைத்துத் தீர்மானம் போட்டோம். அன்றோடு கைக்காசுப் பயம் போய்விட்டது. முதல் வருடம் வழங்கல் பதிவேட்டின்படி புத்தகம் கொடுத்தது 2,600 முறை, தொலைந்தது 11. அளவுகோல்படி 13 வரை போகலாம். கணக்குப்பிள்ளையாக எனக்கு மிகவும் நிறைவு தந்த பக்கம் அது.

மீன்பிடித் தடைக்காலமும் கோடை விடுமுறையும் எங்கள் பக்கம் சேர்ந்தே வரும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகு போகாது. அப்பாக்கள் வீட்டில் இருப்பார்கள், கையில் காசு இருக்காது. அந்த விடுமுறைக்கு ஆளுக்கு மூன்று புத்தகம் கொடுத்து அனுப்பினார். முன்பு இருந்த ஏற்பாட்டில் இதைக் கனவிலும் நினைத்திருக்க முடியாது. தொலைந்த பதினொன்றில் ஏழு அந்த விடுமுறையில் போனவைதான். போகட்டும்.

சரி, வாசிப்புக்கு வருவோம். சேர்ந்த முதல் மாதம் ஒவ்வொரு பிள்ளையையும் பக்கத்தில் உட்கார வைத்து ஒரு பக்கம் வாசிக்கச் சொன்னார். தடுமாறும் சொல்லுக்கு ஒரு விரல் மடக்க வேண்டும். பக்கம் முடிவதற்குள் ஐந்து விரலும் மடங்கினால் அந்தப் புத்தகம் இப்போதைக்கு வேண்டாம், அடுத்த அடுக்குக்குப் போகலாம். அதட்டலும் இல்லை, மதிப்பெண்ணும் இல்லை.

ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன், வாசிக்க வராத கூச்சத்தில் எப்போதும் தடியான புத்தகமாகவே எடுத்து மடியில் வைத்துக்கொள்வான். அவனுக்குக் கடல் உயிரினங்களைப் பற்றிய ஒரு சின்னப் புத்தகத்தைக் கொடுத்தார். மறுநாள் வந்து, "மிஸ், தப்பா போட்டிருக்கு. கடற்பசுவாம். இது ஆவுளியா" என்றான். அவர் ஒரு துண்டுத் தாளும் பென்சிலும் கொடுத்து, "நம்ம ஊர்ப் பேரை எழுதி அந்தப் பக்கத்துல ஒட்டுடா" என்றார். மத்தி என்று இருந்த இடத்தில் சாளை என்று எழுதினான். எழுத வேண்டுமானால் பக்கத்தை முழுக்க வாசித்தாக வேண்டும் அல்லவா? அந்தப் புத்தகத்தில் இப்போது பதினான்கு துண்டுத் தாள் ஒட்டியிருக்கிறது. புத்தகத்தைக் கெடுத்துவிட்டான் என்று யாரும் சொல்லவில்லை.

அதே ஆவுளியா இன்னொரு பாடமும் நடத்தியது. ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண் கொடுக்கும் டியூயி முறையில் அவர் அடுக்கியிருக்கிறார். 597 என்றால் மீன், 599 என்றால் பாலூட்டி. பிள்ளைகள் ஆவுளியாவை மீன் வரிசையில் தேடிக் கிடைக்காமல் வந்து கேட்டார்கள். "599-ல போய்ப் பாருங்க, ஏன் அங்க இருக்குன்னு வந்து சொல்லுங்க" என்று அனுப்பினார். குட்டிக்குப் பால் கொடுக்கும் என்று கண்டுபிடித்துக்கொண்டு ஓடி வந்தார்கள். அடுக்கு முறையே பாடம் நடத்தும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

ராமேசுவரத்தில் சிறுவனாக இருந்த அப்துல் கலாம், மாணிக்கம் என்பவர் வீட்டுக்குப் போய்ப் புத்தகங்களை இரவல் வாங்கி வாசித்ததைத் தானே எழுதியிருக்கிறார். அப்படி ஒருவர் வாய்ப்பது அதிர்ஷ்டம். 190 பிள்ளைகளுக்கும் வாய்க்க வேண்டுமானால் அது ஒருவருடைய முழுநேர வேலையாக இருக்க வேண்டும். சீர்காழியில் பிறந்த நூலக அறிவியல் அறிஞர் ரங்கநாதன் நூலகங்களுக்காக 1931-இல் எழுதிய ஐந்து விதிகளில் ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான புத்தகம், ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதற்கான வாசகர் என்ற இரண்டும் உண்டு. இந்த விதிகளைப் பாடமாகவே படித்தவருக்கும், வகுப்புக்கு நடுவே பீரோவைத் திறப்பவருக்கும் வித்தியாசம் இருக்கத்தான் செய்யும்.

யுனெஸ்கோவும் பன்னாட்டு நூலகச் சங்கங்களின் கூட்டமைப்பும் சேர்ந்து 1999-இல் வெளியிட்ட பள்ளி நூலக அறிக்கையில், நூலகரும் ஆசிரியரும் சேர்ந்து வேலை செய்தால் மாணவர்களின் எழுத்தறிவும் வாசிப்பும் உயர்கிறது என்று இருக்கிறது. அமெரிக்காவில் கொலராடோ மாநிலத்தில் 1993-இல் வந்த ஆய்வும் நூலகப் பணியாளரும் புத்தகச் சேகரமும் நன்றாக உள்ள பள்ளிகளில் தேர்ச்சி கூடுதலாக இருப்பதைக் காட்டியது. அந்தப் பள்ளிகளும் எங்கள் பள்ளியும் ஒன்றல்ல. எங்கள் பள்ளியில் மதிப்பெண் கூடியதா என்றால், இரண்டு வருடத்தை வைத்து அப்படிச் சொல்ல மாட்டேன். வழங்கல் பதிவேட்டைப் பார்த்து எந்தப் பிள்ளை ஒரு மாதமாக எதுவும் எடுக்கவில்லை என்று வகுப்பாசிரியருக்கு அவர் சீட்டு எழுதி அனுப்புகிறார். அதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

இந்த வழியின் பெரிய குறை சம்பளம்தான். பணம் தீர்ந்ததும் அவர் போய்விட்டால் மறுபடி பூட்டுதான். மூன்றாம் வருடத்துக்கு மீன் ஏலத்தில் கூடைக்கு இரண்டு ரூபாய் ஒதுக்க ஊர்க்கூட்டம் ஒத்துக்கொண்டிருக்கிறது. தடைக்கால இரண்டு மாதத்துக்கு என்ன செய்வது என்று இன்னும் முடிவாகவில்லை. ஐம்பது அறுபது பிள்ளைகள் உள்ள பள்ளிக்குத் தனியாக ஒருவர் கட்டாது. பக்கத்துப் பள்ளிகள் இரண்டு மூன்று சேர்ந்து ஒருவரை வைத்துக்கொண்டு நாள் பிரித்துக்கொள்ளலாம் என்று தோன்றுகிறது, ஆனால் நாங்கள் செய்து பார்த்ததில்லை.

நீங்கள் ஆள் எடுப்பதாக இருந்தால் எங்கள் தலைமையாசிரியை செய்ததைச் செய்யுங்கள். சான்றிதழைப் பார்த்த பிறகு மேசையில் பத்துப் புத்தகத்தை வைத்தார், மூன்றாம் வகுப்பிலிருந்து மூன்று பிள்ளைகளைக் கூப்பிட்டார், எதுவும் சொல்லவில்லை. வந்தவர்களில் இரண்டு பேர் புத்தகங்களை எடுத்துப் பார்க்க ஆரம்பித்தார்கள். உச்சிப்புளிப் பெண் முதலில் பிள்ளைகள் பக்கம் திரும்பி, "உங்க வீட்ல நேத்து ராத்திரி என்ன கதை நடந்துச்சு?" என்று கேட்டார்.