1117ஆம் ஆண்டுக் கல்வெட்டின் ஒரு வரியை எந்த மாநாட்டுக்குக் கொண்டு செல்வது?

சாமராஜநகரில் உள்ள பார்சுவநாதர் பசதியில் (சமணக் கோயிலில்) 1117ஆம் ஆண்டைச் சேர்ந்த ஒரு கன்னடக் கல்வெட்டு இருக்கிறது. போசள (ஹொய்சள) மன்னன் விஷ்ணுவர்த்தனனின் தளபதியான புணிசன் தொதவரை அச்சுறுத்தியதாகவும், கொங்கரை ஒடுக்கியதாகவும், நீல மலைக்குள் புகுந்ததாகவும் அது சொல்கிறது. நீலகிரியின் வரலாற்றைப் பேச வருபவர்கள் 1819இல் கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் மேலே ஏறி வந்ததிலிருந்து தொடங்குவதும், கொஞ்சம் பின்னோக்கிப் பார்ப்பவர்கள் 1603இல் ஜெசுயிட் பாதிரியார் ஃபெனிசியோ நீலகிரிப் பழங்குடியினரான தொதவரைத் தேடி வந்ததோடு நின்றுவிடுவதும் எங்கள் மலையில் வழக்கமாகிவிட்டது. அந்தத் தொடக்கத்தை மேலும் ஏறத்தாழ 500 ஆண்டுகள் பின்னுக்குக் கொண்டு செல்லும் வரி இது என்பதால், இதன்மீது எனக்கு உள்ள பற்று கொஞ்சம் அதிகம்தான்.

கோத்தகிரியிலிருந்தபடியே இடைக்கால வரலாற்றில் ஆய்வு செய்யும் என் முன்னாள் மாணவி ஒருவர் இந்த வரியை வைத்துக் கட்டுரை எழுதியிருக்கிறார். அதை எந்த மாநாட்டில் வாசிப்பது என்ற கேள்வியில் எங்கள் இருவருக்கும் கருத்து ஒத்துப்போகவில்லை. இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆண்டுதோறும் ஜூலைத் தொடக்கத்தில் நடைபெறும் சர்வதேச இடைக்கால மாநாட்டுக்குச் செல்ல வேண்டும் என்பது அவருடைய விருப்பம். டிசம்பர் இறுதியில் நம் நாட்டிலேயே கூடும் இந்திய வரலாற்றுப் பேரவைதான் முதலில் என்பது என் கருத்து. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் மே மாதம் நடக்கும் கலாமசூ மாநாட்டை விடக் கூடாது என்று சமவெளியில் பணிபுரியும் நண்பர் ஒருவர் இடையில் சொன்னார். மலையில் இருப்பவர் ஒருவரின் பணம், விடுப்பு, மழை, மின்சாரம் ஆகியவற்றையும் கணக்கில் கொண்டு இம்மூன்றையும் அலசியதன் பதிவே இது.

கலாமசூவைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் அதில் எனக்குத் தயக்கமே இல்லை. மேற்கு மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1962இல் தொடங்கிய இம்மாநாடு மூன்றிலும் மூத்தது இல்லை என்றாலும், இவற்றுள் இடைக்காலம் ஒன்றுக்காகவே கூடும் இரண்டில், அதாவது இதிலும் லீட்சிலும், மூத்தது. கொரோனாவுக்கு முந்தைய ஆண்டுகளில் ஏறத்தாழ 3000 பேர் வந்தார்கள். 500க்கும் மேற்பட்ட அமர்வுகள் நடந்தன. ஆனால் அங்கே பெரும்பாலான அமர்வுகளின் தலைப்புகளை அறிஞர் குழுக்கள் முன்கூட்டியே முடிவு செய்துவிடுகின்றன. கட்டுரையாளர் அவற்றுள் தனக்குப் பொருந்தும் அமர்வைத் தேடி விண்ணப்பிக்க வேண்டும். பழைய ஆங்கில இலக்கியத்துக்கும் சிஸ்டெர்சியத் துறவிகளுக்கும் அங்கே இடம் தாராளமாகக் கிடைக்கும். போசளத் தளபதிக்கு இடம் தேடுவது கடினம். விசாவுக்குச் சென்னையில் ஜெமினி மேம்பாலத்தருகே உள்ள துணைத் தூதரகத்தில் நேர்காணல் கிடைக்கக் காத்திருக்க வேண்டும். சிகாகோவுக்கும் டெட்ராய்ட்டுக்கும் ஏறக்குறைய நடுவில் அந்த ஊர் இருப்பதால், நீண்ட விமானப் பயணம் முடிந்த பிறகும் ரயிலிலோ பேருந்திலோ சில மணி நேரம் செல்ல வேண்டும். இவை போதாவென்று, மே மாதம் எங்களுக்குச் சீசன். மலர்க் கண்காட்சிக் கூட்டத்துக்காகக் குன்னூர் வழியே மேலே, கோத்தகிரி வழியே கீழே என்று மலைப்பாதையை ஒருவழியாக்கும் நாட்கள் அவை; கல்லூரிகளில் பருவத்தேர்வும் விடைத்தாள் திருத்தமும் நடக்கும் நாட்களும் அவையே. நேரில் செல்வதை விட்டுவிட்டு, இணைய வழியில் கேட்பதற்கு மட்டும் இதை வைத்துக்கொள்ளலாம் என்பதில் நாங்கள் இருவரும் உடன்பட்டோம்.

உண்மையான போட்டி லீட்சுக்கும் இந்திய வரலாற்றுப் பேரவைக்கும்தான்.

லீட்ஸ் மாநாடு 1994இல் தொடங்கியது. இப்போது திங்கள் முதல் வியாழன் வரை நான்கு நாட்களில் 2000க்கும் மேற்பட்டோர் கூடுகிறார்கள். கி.பி. 300 முதல் 1500 வரை என்று எல்லையை அகலமாக வைத்திருப்பதும், ஆண்டுதோறும் ஒரு சிறப்புப் பொருளை அறிவிப்பதும் நம்மைப் போன்றவர்களுக்குச் சாதகமானவை. 2022இல் எல்லைகள், 2023இல் வலைப்பின்னல்கள், 2024இல் நெருக்கடி, 2025இல் கல்வியின் உலகங்கள் என்று அந்தப் பொருள்கள் எந்த ஒரு நாட்டுக்கும் உரியவையாக இல்லை. மலைவாழ் மக்களைச் சமவெளி அரசு எப்படிப் பார்த்தது, எப்படி எழுதி வைத்தது என்பதுதான் மாணவியின் உண்மையான கேள்வி. அந்தக் கேள்வியை வேல்ஸ் மலைகளுக்குள் நுழைந்த நார்மானியரைப் பற்றியும், ஆல்ப்ஸ் மலையில் கோடைக்கு மேலேயும் குளிருக்குக் கீழேயும் மந்தைகளை ஓட்டிச் சென்றவர்களைப் பற்றியும் ஆராய்பவர்களிடம் வைத்தால், நமக்குத் தோன்றாத ஒப்புமைகள் கிடைக்கும். லீட்சுக்கு வடக்கே உள்ள ஃபவுண்டன்ஸ் மடாலயம் நிறுவப்பட்டது 1132இல், அதாவது புணிசனின் கல்வெட்டுக்குப் 15 ஆண்டுகள் கழித்து. அங்கிருந்த துறவிகள் பெரும் ஆட்டு மந்தைகளை வளர்த்துக் கம்பளி விற்றுச் செல்வம் சேர்த்தார்கள். எருமையை நம்பி வாழ்ந்த ஒரு மலைச் சமூகத்தைப் பற்றி எழுதும் ஒருவர் அந்த இடிபாடுகளுக்கு நடுவே ஒரு பகல் நின்று பார்ப்பது வெறும் சுற்றுலா ஆகாது.

கட்டுரையைத் தனியாகவும் அனுப்பலாம், மூவர் சேர்ந்து முழு அமர்வாகவும் அனுப்பலாம். தனிக் கட்டுரைக்கு முந்தைய ஆண்டு ஆகஸ்ட் இறுதிக்குள் ஆய்வுச் சுருக்கம் போய்ச் சேர வேண்டும். ஒன்றரை மணி நேர அமர்வில் மூன்று கட்டுரைகள். ஒவ்வொன்றுக்கும் 20 நிமிடம், மீதி கேள்விகளுக்கு. மாணவர்களுக்கும், நிரந்தர வருமானம் இல்லாத ஆய்வாளர்களுக்கும், மேற்கு ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வருபவர்களுக்கும் உதவ ஒரு நல்கை நிதி இருக்கிறது. கௌரவ விரிவுரையாளராக இருக்கும் ஒருவருக்கு விமானச் சீட்டும் பதிவுக் கட்டணமும் விடுதி வாடகையும் சேர்ந்தால் பல மாதச் சம்பளம் போய்விடும் என்பதால், இந்த நல்கையோ இந்திய வரலாற்று ஆராய்ச்சிக் கழகத்தின் வெளிநாட்டுப் பயண உதவியோ இல்லாமல் கிளம்புவதை நான் ஆதரிக்க மாட்டேன். அரசுக் கல்லூரியில் இருப்பவர்கள் தடையில்லாச் சான்றுக்கும் பல மாதங்களுக்கு முன்பே விண்ணப்பித்துவிட வேண்டும். விசாவுக்கு அமெரிக்காவைப் போல நேர்காணல் வழக்கமாக இல்லை. கைரேகை கொடுத்துவிட்டு வந்தால் பெரும்பாலும் மூன்று வாரங்களில் முடிவு தெரியும். மான்செஸ்டர் விமான நிலையத்திலிருந்து லீட்சுக்கு நேரடி ரயில் உண்டு.

குறை என்ன? அங்கே கூடும் 2000 பேரில் பழங்கன்னட எழுத்தைப் படிக்கத் தெரிந்தவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள் என்பதுதான் என் கவலை. கல்வெட்டில் வரும் ‘தொதவர்’ என்ற சொல் இன்றைய தொதவரைத்தான் குறிக்கிறதா, ‘நீல’ மலை என்பது இன்றைய நீலகிரி முழுவதையுமா அல்லது அதன் வடக்கு விளிம்பை மட்டுமா, வெற்றிப் பட்டியல்களில் வழக்கமாகக் காணப்படும் மிகையில் இது எவ்வளவு என்ற கேள்விகளை அங்கே ஒருவரும் எழுப்பாமல் போகலாம். கேள்வி எழாத வாசிப்பு கேட்பதற்கு இனிமையாக இருக்கும். கட்டுரைக்கு அதனால் பயன் இல்லை. ‘மற்றமை’ (பிறரை வேறானவராகப் பார்ப்பது) என்பதையே சிறப்புப் பொருளாக வைத்திருந்த 2017ஆம் ஆண்டில், ஐரோப்பியர் அல்லாதவர்களுக்கு இத்துறையில் உள்ள இடத்தைப் பற்றிக் கடுமையான விமர்சனம் அம்மாநாட்டின் மீது எழுந்தது. அதன்பின் அங்கு ஐரோப்பாவுக்கு வெளியே உள்ள இடைக்காலத்தைப் பற்றிய பேச்சு கூடியிருக்கிறது என்பதை மறுக்கவில்லை. ஆயினும் தென்னிந்தியக் கட்டுரை ஒன்று, தொடர்பே இல்லாத இரண்டு கட்டுரைகளோடு ஒரே அமர்வில் அமர்த்தப்படும் வாய்ப்பு இன்னும் இருக்கிறது.

இந்திய வரலாற்றுப் பேரவை 1935இல் புனேயில் தொடங்கியது. ஆண்டுக்கு ஒரு பல்கலைக்கழகமோ கல்லூரியோ அதை ஏற்று நடத்துகிறது. 2019இல் கண்ணூரிலும் 2022இல் தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலும் நடந்தது. கண்ணூர் எங்களுக்குக் கூடலூர், வயநாடு வழியே பேருந்திலேயே போய்ச் சேரக்கூடிய தொலைவு. வடக்கே நடந்தாலும் இரண்டாம் வகுப்புத் தூங்கும் வசதியில் போய்வரலாம். கிறிஸ்துமசுக்கும் புத்தாண்டுக்கும் இடைப்பட்ட நாட்கள் என்பதால் விடுப்புச் சிக்கலும் பெரும்பாலும் இல்லை. உறுப்பினர் கட்டணம் செலுத்தியவர்கள் கட்டுரை அனுப்பலாம். தேர்வு பெறும் கட்டுரைகள் ஆண்டுத் தொகுதியில் அச்சாகின்றன. பெரிய ஊர்களின் நூலகங்களில் அந்தத் தொகுதிகள் வரிசையாக அடுக்கப்பட்டிருப்பதைப் பார்த்து வளர்ந்த தலைமுறையைச் சேர்ந்தவள் நான்.

அங்கே நேரம் குறைவு என்பது உண்மை. கட்டுரைகள் மிகுதியாக வருவதால் ஒவ்வொருவருக்கும் கிடைப்பது லீட்சின் 20 நிமிடத்தோடு ஒப்பிடத்தக்கதன்று. வாதத்தை மூன்று பக்கத்துக்குள் சுருக்கிச் சொல்லப் பழகியவர்களுக்கே அது ஒத்துவரும். காலப் பகுப்பிலும் ஒரு சிக்கல் உண்டு. பண்டைய இந்தியா, இடைக்கால இந்தியா, நவீன இந்தியா என்று பிரிவுகள் இருக்க, நம் பாடநூல்கள் பெரும்பாலும் இடைக்காலத்தை 1206இல் தில்லி சுல்தான்களோடு தொடங்குகின்றன. லீட்சில் எந்தக் கேள்வியும் இல்லாமல் நட்டநடு இடைக்காலமாகக் கொள்ளப்படும் 1117, இங்கே இரண்டு பிரிவுகளுக்கு இடைப்பட்ட வரப்பில் நிற்கிறது. ரோமுக்கும் மறுமலர்ச்சிக்கும் நடுவில் உள்ளதை இடைக்காலம் என்று ஐரோப்பியர் பெயரிட்டதற்கும், தில்லியை மையமாக வைத்து நாம் பெயரிட்டதற்கும் நடுவே, தலைக்காட்டைச் சோழரிடமிருந்து போசளர் கைப்பற்றிய அந்தப் பத்தாண்டு எந்தப் பெயருக்குள் வரும் என்பதே ஒரு கட்டுரைக்குரிய பொருள்.

ஆனால் அரங்கில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பாருங்கள். கல்வெட்டைத் தாளில் ஒற்றி எடுத்த மைப்படியிலிருந்து படிப்பவர்கள், கர்நாடகக் கல்வெட்டுத் தொகுப்பான எபிகிராபியா கர்னாடிகாவின் நான்காம் தொகுதியைப் பக்கம் பக்கமாக அறிந்தவர்கள், கொங்குப் பகுதிக் கல்வெட்டுகளில் ஆண்டுக்கணக்கில் உழைத்தவர்கள் அங்கே வருகிறார்கள். உரை ஐந்தே நிமிடத்தில் முடிந்தாலும், தேநீர் இடைவேளையில் ஒருவர் வந்து, “இந்தச் சொல்லை நீங்கள் பிரித்த இடம் தவறு” என்று சொல்லிவிட்டால் அதுவே அந்தப் பயணத்தின் பலன். அதை மாணவியிடம் சொன்னபோது அவர் உடனே ஏற்கவில்லை. “மேடம், இந்த மலைக்கும் ஓர் இடைக்காலம் இருந்தது என்று வெளியில் இருப்பவர்களும் கேட்க வேண்டாமா?” என்று கேட்டார். அந்தக் கேள்வியில் இருந்த ஆதங்கம் எனக்கும் உண்டு. “கேட்கட்டும்மா, கட்டாயம் கேட்கட்டும். முதலில் அந்த எழுத்தைப் படிக்கத் தெரிந்தவர் கேட்கட்டும்” என்றேன்.

இணைய வழியில் கலந்துகொள்வதைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் மலையில் இருப்பவர்களுக்கு அது சிறிய வாய்ப்பு அன்று. கொரோனாவுக்குப் பிறகு லீட்ஸ் 2022இலும் கலாமசூ 2023இலும் நேரிலும் இணையத்திலுமாகக் கலப்பு வடிவில் நடந்தன. லீட்சுக்கும் நமக்கும் கோடையில் நான்கரை மணி நேர வேறுபாடு. அங்கே காலை 9 மணிக்குத் தொடங்கும் அமர்வு இங்கே பிற்பகல் 1.30க்கு வரும், மாலை 6 மணிக்கு முடிவது இரவு 10.30. உண்டு முடித்து உட்கார்ந்தால் நாள் முழுவதையும் கேட்டுவிடலாம். கலாமசூவுக்கு ஒன்பதரை மணி நேரம். காலை 10 மணி அமர்வு நமக்கு இரவு 7.30, பிற்பகல் 3.30 அமர்வோ நள்ளிரவு தாண்டி 1 மணி. மே மாத இரவில் விழித்திருக்கலாம், மின்சாரமும் பெரும்பாலும் தடைபடாது. ஜூலையில்தான் சிக்கல். தென்மேற்குப் பருவமழையின் முழு வீச்சும் கூடலூர், தேவாலா பக்கம் விழுந்தாலும், கோத்தகிரியிலும் காற்றில் மரம் சாய்ந்து கம்பி அறுந்தால் அன்றைக்கு மின்சாரமும் இணையமும் சேர்ந்தே போய்விடும். எனவே இணையத்தில் கட்டுரை வாசிப்பவர், உரையை முன்பே பதிவு செய்து அமர்வுத் தலைவருக்கு அனுப்பி வைப்பதும், அந்த ஒரு நாளுக்கு மட்டும் கோயம்புத்தூருக்கு இறங்கிவிடுவதும் நல்லது. கேட்பதற்கு மட்டும் என்றால் வீட்டிலிருந்தே போதும். ஆனால் திரையில் தேநீர் இடைவேளை கிடையாது. நூல் கண்காட்சியில் விலையுயர்ந்த பதிப்புகளைக் கையில் எடுத்துப் புரட்ட முடியாது. நான்கு நாட்களில் ஒரே நேரத்தில் பல அமர்வுகள் நடக்கும் இடத்தில், தற்செயலாக நுழைந்த அறையில் நமக்கு வேண்டியவரைச் சந்திப்பதும் திரையில் நடக்காது. நேரில் போகிறவர்கள் நிகழ்ச்சி நிரலைப் பயணத்துக்கு முன்பே படித்து, நாளொன்றுக்கு இரண்டு அமர்வுகளை மட்டும் கட்டாயமாக்கிக்கொண்டு மற்ற நேரத்தை மனிதர்களுக்கு விட்டுவைக்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

இவ்வளவும் பேசிய பிறகு மாணவியும் நானும் ஒரு வரிசைக்கு வந்திருக்கிறோம். வரும் டிசம்பரில் பேரவையில் கல்வெட்டு வாசிப்பை மட்டும் முன்வைப்பது. ஒப்பீட்டுப் பகுதியை அதில் சேர்ப்பதில்லை. மே மாதம் கலாமசூவை இணையத்தில் கேட்டு, மலைச் சமூகங்களைப் பற்றிப் பேசுபவர்களின் பெயர்களைக் குறித்துக்கொள்வது. பேரவையில் பெற்ற திருத்தங்களோடு ஆகஸ்டில் லீட்சுக்குச் சுருக்கம் அனுப்புவது. அது வேறு கட்டுரையாக, சமவெளி அரசின் கண்ணில் மலை என்ற பொருளில் இருக்க வேண்டும். நல்கை கிடைத்தால் அடுத்த ஜூலையில் நேரில் செல்வது, கிடைக்காவிட்டால் இணையம்.

அதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. இதுவரை இருவரும் அச்சில் வந்த வாசகத்தையே நம்பியிருக்கிறோம். திம்பம் மலைப்பாதையில் இரவுப் போக்குவரத்துக்குக் கட்டுப்பாடு இருப்பதால், விடியலில் கோத்தகிரியிலிருந்து இறங்கி, மேட்டுப்பாளையம், சத்தியமங்கலம் வழியே சாமராஜநகர் போய், அந்தப் பசதியில் ‘நீல’ என்ற சொல்லுக்கு முன்னும் பின்னும் உள்ள எழுத்துகளைக் கல்லிலேயே பார்த்துக் குறித்துக்கொண்டு வந்த பிறகுதான் சுருக்கத்தின் முதல் வாக்கியத்தை எழுதுவதென்று நாள் குறித்திருக்கிறோம்.