"டிஸ்க் போய்விட்டது" என்று கடைக்காரர் சொன்னதும் முன்பணம் கொடுத்துவிடாதீர்கள்: கடலூரில் எனக்கு நேர்ந்தது

மஞ்சக்குப்பத்தில் வீட்டிலிருந்தபடியே சிறு வணிகர்களுக்கு ஜிஎஸ்டி கணக்குத் தாக்கல் செய்து கொடுப்பது என் தொழில். விண்டோஸ் 10க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று நிறுத்திவிட்டதால், 2019இல் வாங்கிய என் மேசைக் கணினியில் மதர்போர்டில் (கணினியின் முதன்மைப் பலகையில்) நேராகச் செருகும் எம்.2 வகை எஸ்எஸ்டி (சுழலும் பாகமில்லாத வேகமான சேமிப்பகம்) ஒன்றைப் பொருத்தி அதில் விண்டோஸ் 11 ஏற்றிக்கொள்வது, பழைய 2 டிபி ஹார்ட் டிஸ்க்கைக் கோப்புகளுக்கு மட்டும் வைத்துக்கொள்வது என்று முடிவு செய்து, நவம்பரில் ஊரிலுள்ள ஒரு கடையில் கணினியைக் கொடுத்தேன். கடையின் பெயரை எழுதப்போவதில்லை.

மறுநாள் மாலை வீட்டுக்குக் கொண்டுவந்து போட்டபோது கணினி முன்பைவிடப் பல மடங்கு வேகமாகத் திறந்தது. ஆனால் வாடிக்கையாளர்களின் டேலி கணக்குக் கோப்புகள் அனைத்தும் இருந்த டி டிரைவை, அதாவது பழைய ஹார்ட் டிஸ்க்கைக் காணவில்லை. விண்டோஸ் திறக்கும் முன்பே கணினியின் பாகங்களைப் பட்டியலிடும் பயாஸ் திரையிலும் அந்த டிஸ்க்கின் பெயர் இல்லை. பெட்டியின் மேல் கை வைத்தால் டிஸ்க் சுழலும் அதிர்வு மட்டும் தெரிந்தது. பத்து நிமிடத்தில் அணைத்து, அன்றே கடைக்குத் திரும்ப எடுத்துச் சென்றேன். கடைக்காரர் மூடியைக்கூடக் கழற்றாமல், "சார், இது பழைய டிஸ்க். நம்ம ஊர் உப்புக் காத்துல போர்டு அரிச்சுப் போயிருக்கும். சென்னை லேப்புக்கு அனுப்பினாத்தான் டேட்டா எடுக்க முடியும், பதினெட்டாயிரம் ஆகும்" என்றார். சைக்கிள் செயின் முதல் ஜன்னல் கம்பி வரை எதையும் துரு விட்டுவைக்காத ஊரில் இருப்பவன் என்பதால், அந்தக் காரணத்தை நான் சந்தேகிக்கவில்லை. முன்பணமாக 4,000 ரூபாயும் டிஸ்க்கையும் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஒன்பதாம் நாள் அழைப்பு வந்தது. லேப்பில் இரண்டு நாள் இரவு பகலாக டிஸ்க்கை ஓடவிட்டு ஸ்கேன் செய்ததாகவும், ஏராளமான பேட் செக்டர்கள் (டிஸ்க்கில் கெட்டுப்போன பகுதிகள்) இருப்பதாகவும், அறுபது சதவீதக் கோப்புகளைத்தான் மீட்க முடியும் என்றும், மீதிப் பணத்தைக் கட்டினால் வேலையைத் தொடங்குவார்கள் என்றும் சொன்னார்கள். அந்த வாரம் கையில் பணம் இல்லாததுதான் என்னைக் காப்பாற்றியது. டிஸ்க்கைத் திருப்பிக் கொடுங்கள் என்று கேட்டேன். இரண்டு முறை அலையவிட்டுக் கொடுத்தார்கள்.

லாஸ்பேட்டையில் தங்கிப் படிக்கும் என் அக்காள் மகன் அந்த ஞாயிற்றுக்கிழமை யூஎஸ்பி வழியாக டிஸ்க்கை இணைக்கும் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்தான். இந்த அளவு டிஸ்க்குக்கு 12 வோல்ட் மின்சாரமும் தேவை, யூஎஸ்பி 5 வோல்ட்தான் தரும் என்பதால், தனி அடாப்டருடன் கூடிய பெட்டியாகக் கேட்டு வாங்கி வந்திருந்தான். இணைத்த அரை நிமிடத்தில் அத்தனை கோப்புறைகளும் திரையில் வந்து நின்றன. டிஸ்க்கின் நிலையைக் காட்டும் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் பார்த்தால், கெட்டுப்போனதால் மாற்றி ஒதுக்கப்பட்ட செக்டர்கள் பூஜ்யம். படிக்க முடியாமல் நிலுவையில் நிற்கும் செக்டர்களும் பூஜ்யம்.

அப்போதுதான் அவன், "மாமா, கடைக்குக் கொடுக்கறதுக்கு முன்னாடி இதே மென்பொருள்ல ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுக்கச் சொன்னேனே, இருக்கா?" என்று கேட்டான். இருந்தது. டிஸ்க் மொத்தம் எத்தனை மணி நேரம் மின்சாரம் பெற்று இயங்கியது என்பதை டிஸ்க்கே தனக்குள் எண்ணி வைத்துக்கொள்கிறது. கடைக்குப் போகும் முன் அந்த எண் 11,846, திரும்பி வந்தபின் 11,849. கடையில் விண்டோஸ் ஏற்றிய நேரத்துக்கும் என் வீட்டில் ஓடிய பத்து நிமிடத்துக்கும் அந்த மூன்று மணி சரியாகப் போய்விடும். இரண்டு நாள் இரவு பகலாக ஓடியிருந்தால் 48 கூடியிருக்க வேண்டும். அதை விடுங்கள், 2 டிபி டிஸ்க்கை நொடிக்கு 150 எம்பி வேகத்தில் ஒரே ஒரு முறை முழுதாகப் படிக்கவே மூன்றே முக்கால் மணி நேரம் ஆகும். ஆக, டிஸ்க் எந்த லேப்பிலும் ஓடவில்லை. ஒன்பது நாளும் எங்கோ ஒரு மேசை டிராயரில் தூங்கியிருக்கிறது.

அப்படியானால் கணினியில் அது ஏன் தெரியவில்லை என்பதற்கான விடை, மதர்போர்டின் கையேட்டிலேயே சிறிய எழுத்தில் அச்சாகியிருந்தது. பல போர்டுகளில் எம்.2 இடமும், ஹார்ட் டிஸ்க்கின் கேபிளைச் செருகும் சாட்டா போர்ட்டுகளில் ஒன்றிரண்டும் ஒரே பாதையைப் பகிர்ந்துகொள்கின்றன, எம்.2 இடத்தில் எஸ்எஸ்டி ஏறினால் அந்த போர்ட் செயலிழந்துவிடும். என் டிஸ்க்கின் கேபிள் செருகியிருந்தது அப்படிப்பட்ட போர்ட்டில்தான். மின்சாரம் தனி வழியில் வருவதால் டிஸ்க் சுழன்றது, ஆனால் பயாஸுக்குத் தெரியவில்லை. கேபிளைப் பக்கத்து போர்ட்டுக்கு மாற்றினோம். டி டிரைவ் வந்துவிட்டது. கடைக்காரருக்கு இது முதலில் தெரியாமல் இருந்திருக்கலாம், அதை நான் குற்றமாகச் சொல்லவில்லை. நடக்காத ஸ்கேனுக்கு அறுபது சதவீதம் என்று கணக்குச் சொன்னதைத்தான் சொல்கிறேன்.

மேம்படுத்தக் கொடுப்பவர்கள் அந்த மணிக் கணக்கையும் டிஸ்க்கின் சீரியல் எண்ணையும் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். திரும்பி வந்தபின் டிஸ்க் தெரியாவிட்டால் முதலில் கேபிளையும் போர்ட்டையும் மாற்றிப் பாருங்கள். விண்டோஸ் "இனிஷியலைஸ்" அல்லது "ஃபார்மட்" (டிஸ்க்கைப் புதிதுபோல் தயார் செய்வது) செய்யட்டுமா என்று கேட்டால், கோப்புகள் பத்திரமாகும் வரை ஒப்புக்கொள்ளாதீர்கள்.

கடையில் இரண்டு ஸ்கிரீன்ஷாட்டையும் காட்டியபோது, "லேப்ல சொன்னதைத்தான் சார் சொன்னோம்" என்றார்கள். லேப்பின் பெயரைக் கேட்டதற்குப் பதில் இல்லை. தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915இல் புகார் பதிந்தேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதானாலும், கொடுத்த தொகை 5 லட்சத்துக்கு மேற்படாதவரை கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டு அவகாசமும் உண்டு. புகார் பதிந்த மூன்றாம் நாள், முன்பணத்தில் 2,500 ரூபாயைத் திருப்பி அனுப்பிவிட்டு, மீதி 1,500 சென்னைக்கு அனுப்பிய கூரியர் செலவு என்றார்கள். கூரியர் ரசீதைக் கேட்டிருக்கிறேன், இன்றுவரை வரவில்லை.