வேதத்தை எழுத்துப்படி வாசிப்பதா, வகை பார்த்து வாசிப்பதா?

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் ஆர்.சி. குடும்பமும் பெந்தெகொஸ்தே குடும்பமும் ஒரே தெருவில் இருப்பது வழக்கம். வேதம் (பைபிள்) ஒன்றுதான், வாசிக்கும் விதம் வேறு. ஒருவருக்கு அதிலுள்ள எண், நாள், சம்பவம் எல்லாம் நடந்தது நடந்தபடி. இன்னொருவர் இது பாட்டா, வம்சக் கணக்கா, கடிதமா என்று பார்த்துவிட்டுத்தான் பொருள் கொள்வார். என் சாய்வு இந்த இரண்டாவது வழிக்கு.

எழுத்துப்படி வாசிப்பதற்குப் பலம் இல்லாமல் இல்லை. பண்டிதர் துணை வேண்டாம், எழுத்துக் கூட்டத் தெரிந்த ஆச்சிக்கும் எட்டும். வரலாற்றுப் பகுதிகளில் அந்த நம்பிக்கைக்கு வெளிச்சான்றும் கிடைக்கிறது. யூதா நாட்டு அரசன் எசேக்கியா, அசீரிய அரசன் சனகெரிப்புக்கு 300 தாலந்து (அக்கால எடை அளவு) வெள்ளியும் 30 தாலந்து பொன்னும் கட்டினான் என்கிறது 2 இராஜாக்கள் 18:14. சனகெரிப்பே எழுதிவைத்த களிமண் சாசனத்திலும் பொன் அதே 30 தாலந்து; வெள்ளி மட்டும் 800. கி.மு. 701 படையெடுப்பைப் பற்றி எதிரெதிர் அணிகள் எழுதியவை இந்த அளவுக்கு ஒத்துப்போவது பெரிய விஷயம். செசரியாவில் 1961-ல் கிடைத்த கல்லில், இயேசுவுக்குச் சிலுவைத் தீர்ப்பு கொடுத்த ரோம அதிகாரி பிலாத்துவின் பெயர் இருக்கிறது.

ஆதியாகமத்தின் படைப்புக் கதையில் நான் அதிகம் நிற்கப் போவதில்லை. முதல் நாளில் வெளிச்சம், நாலாம் நாளில் சூரியன். முதல் அதிகாரத்தில் மிருகங்களுக்குப் பின் மனிதன், இரண்டாம் அதிகாரத்தில் மனிதனுக்குப் பின் மிருகங்கள். சூரியன் இல்லாத பகல் எப்படி என்று மூன்றாம் நூற்றாண்டிலேயே ஓரிகன் என்ற கிறிஸ்தவ அறிஞர் கேட்டுவிட்டார். அறிவியலுக்குப் பயந்து நேற்று முளைத்த வாசிப்பு இல்லை இது.

எனக்குத் தீர்மானமாக அமைவது வேறொன்று: எழுத்துப்படி வாசிப்பைக் கட்டிக் காக்க ஆகும் செலவு. யூதாவின் இன்னொரு அரசன் அகசியா பட்டத்துக்கு வந்தபோது வயது 22 என்கிறது 2 இராஜாக்கள் 8:26. பழைய மொழிபெயர்ப்பில் 2 நாளாகமம் 22:2-ஐப் பாருங்கள், 42. அதற்கு இரண்டு வசனம் முன்னால், 21:20-ல், அவன் தகப்பன் யோராம் 32 வயதில் பட்டத்துக்கு வந்து எட்டு வருஷம் ஆண்டான் என்றிருக்கிறது. அப்படியென்றால் 40 வயதில் செத்த தகப்பனுக்கு 42 வயது மகன்.

இதற்குச் சொல்லும் பதில், பிரதி எடுத்தவரின் கைப்பிழை என்பது. சிரியாக்கு மொழியிலுள்ள பழைய மொழிபெயர்ப்பில் 22 என்று இருப்பதால் அது நியாயமான பதிலும்கூட. ஆனால் அதை ஏற்றுக்கொண்ட உடனே, பிழையில்லாமை கையிலுள்ள புத்தகத்தைவிட்டு மூலப்பிரதிக்குப் போய்விடுகிறது. வேதத்தில் பிழையில்லை என்று வாதிடும் சுவிசேஷ சபை அறிஞர்கள் வெளியிட்ட 1978-ன் சிகாகோ அறிக்கையும் அப்படித்தான் வரையறுக்கிறது: பிழையின்மை மூலப்பிரதிக்கே உரியது. அந்த மூலப்பிரதி ஒன்றுகூட இன்று இல்லை.

இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாசின் சாவில் இன்னும் சிக்கல். மத்தேயு 27-ல் வெள்ளிக்காசை எறிந்துவிட்டு நான்றுகொண்டு சாகிறான், நிலத்தை வாங்குவது ஆசாரியர்கள். அப்போஸ்தலர் 1:18-ல் நிலத்தை வாங்குவதே அவன், தலைகீழாக விழுந்து வயிறு வெடித்துச் சாகிறான். கயிறு அறுந்து விழுந்தான் என்று ஒட்டுப் போட்டால், நிலத்தை வாங்கியது யார் என்பதற்கு இன்னொரு ஒட்டு வேண்டும். சாலொமோன் ஆலயத்துக்கு வார்த்த வெண்கலக் கடல்தொட்டி 2000 குடம் தண்ணீர் பிடிக்குமா (1 இராஜாக்கள் 7:26), 3000 பிடிக்குமா (2 நாளாகமம் 4:5)? அதற்கும் ஒன்று. ஒட்டுகள் கூடக் கூட, வாசகர் வசனத்தைவிட்டு விளக்கத்தை நம்பத் தொடங்குகிறார்.

செட்டிநாட்டு வீட்டுப் பெட்டகத்தில் பேரேடும் இருக்கும், இசைகுடிமானமும் (திருமண ஒப்பந்தம்) இருக்கும், தாலாட்டு எழுதிய நோட்டும் இருக்கும். அம்மான் பொன் தொட்டில் கொண்டுவந்தார் என்று தாலாட்டில் வந்தால், அந்தப் பொன்னைப் பேரேட்டில் யாரும் தேடுவதில்லை. பேரேட்டுத் தொகையைப் பாட்டாகவும் எடுத்துக்கொள்வதில்லை. வேதமும் பல கைகள் பல காலத்தில் எழுதிய தொகுப்பு. இலக்கிய வகையைக் கவனிக்கச் சொல்லி 1965-ல் கத்தோலிக்கத் திருச்சபையின் இரண்டாம் வத்திக்கான் சங்கமே ஆவணம் எழுதியது.

செய்முறை கடினமில்லை. ஒற்றை வசனத்தைப் பிடிக்காமல் அதிகாரம் முழுவதையும் வாசியுங்கள். யார் யாருக்குச் சொன்னது என்று பாருங்கள். இராஜாக்களுக்கு நாளாகமத்தையும், சுவிசேஷம் ஒன்றுக்கு மற்ற மூன்றையும் பக்கத்தில் விரித்து வைத்துக்கொள்ளுங்கள். வேறுபடும் இடத்தை உடனே சமாதானப்படுத்த வேண்டாம். அங்கேதான் எழுதியவரின் நோக்கம் தெரியும். தாவீது ஜனத்தைத் தொகையிட்டது பாவமாகச் சொல்லப்படுகிறது; அப்படிச் செய்யத் தூண்டியது கர்த்தர் என்கிறது 2 சாமுவேல் 24:1, சாத்தான் என்கிறது 1 நாளாகமம் 21:1. பிந்தி எழுதிய நாளாகமக்காரருக்குத் தீமையைக் கடவுளோடு சேர்த்துச் சொல்ல மனம் வரவில்லை என்றே அதை நான் எடுத்துக்கொள்கிறேன்.

உயிரோடு விளையாடும் இடம் சுகமளிப்பு வசனங்கள். யாக்கோபு 5:14-ஐ மட்டும் பிடித்துக்கொண்டு சர்க்கரை மாத்திரையையோ இன்சுலினையோ நிறுத்துவது பெரிய ஆபத்து. எண்ணெய் பூசி ஜெபிக்கச் சொல்கிறதே ஒழிய, மருந்தை விடச் சொல்லவில்லை அந்த வசனம். எசேக்கியாவின் பிளவைக்கு அத்திப்பழப் பற்றுப் போடச் சொன்னவர் ஏசாயா தீர்க்கதரிசி (ஏசாயா 38:21). சாவுக்கேதுவானதைக் குடித்தாலும் சேதப்படுத்தாது என்னும் மாற்கு 16:18 வரும் பகுதி, 9 முதல் 20 வரை, நாலாம் நூற்றாண்டுக் கையெழுத்துப் படிகளான சினாய், வத்திக்கான் இரண்டிலும் இல்லை.

வகை பார்க்கும் வழிக்கும் ஆபத்து உண்டு: பிடிக்காததையெல்லாம் உருவகம் என்று தள்ளிவிடலாம். கிறிஸ்து எழுந்திருக்கவில்லை என்றால் எங்கள் பிரசங்கமும் உங்கள் விசுவாசமும் வீண் என்னும் 1 கொரிந்தியர் 15:14, உயிர்த்தெழுதலை அப்படித் தள்ள இடம் கொடுக்காது. பவுல் அதை நடந்த சம்பவமாகத்தான் சொல்கிறார். யோனா நூலில்தான் கோடு கிழிப்பது கஷ்டம். அமித்தாயின் மகன் யோனா 2 இராஜாக்கள் 14:25-ல் வரும் தீர்க்கதரிசி, ஆனால் நினிவேயின் மிருகங்களும் இரட்டுடுத்தி உபவாசம் இருக்கும் 3-ஆம் அதிகாரம் வரலாற்று நடையாகத் தெரியவில்லை. நான் அதை உவமையாகவே வாசிக்கிறேன். நடந்தது என்று சொல்பவரை மறுக்கும் அளவுக்கு என் பக்கம் சான்று இல்லை.