30 நாளில் மேல் ஸ்தாயி என்று யாராவது சொன்னால் பணம் கட்டாதீர்கள்

நாலு மாதம் முன்பு ஓர் ஆன்லைன் குரல் பயிற்சியில் சேர்ந்தேன். 30 நாளில் மேல் ஸ்தாயியில், அதாவது உச்சக் குரலில், கணீரென்று பாட வைக்கிறோம் என்று விளம்பரம், முழுக் கட்டணத்தையும் முதலிலேயே வாங்கிக்கொண்டார்கள். பணம் போனதுகூடப் பரவாயில்லை, என் தொண்டையைக் கெடுத்துவிட்டார்கள்.

தினமும் ஒரு மணி நேரம் மேல் சட்ஜத்தில் (உச்சத்தில் வரும் 'ஸ') முழுச் சத்தத்தில் அகாரம் பிடிக்க, அதாவது 'ஆ' என்று நீட்டிப் பாடச் சொன்னார் பயிற்சியாளர். கொஞ்சம் மெல்லிய குரலில் பாடினாலே, "கள்ளக்குரல் வேண்டாம், வயிற்றிலிருந்து தள்ளு" என்பார். தள்ளினேன். கண்ணாடியில் பார்த்தால் முகவாய் மேலே தூக்கியிருக்கும், கழுத்து நரம்பு புடைத்திருக்கும், ஆனால் ஸ்வரம் சுருதியில் சேராமல் இறங்கியே நிற்கும். வலிக்கிறது என்றேன். குரல் திறக்கும்போது வலிக்கத்தான் செய்யும் என்றார். அப்புறம் சொன்னதுதான் கொடுமை: வகுப்புக்கு முன்னால் தொண்டையை மரத்துப்போக வைக்கும் மாத்திரையைச் சப்பிக்கொள் என்றார். நிறுத்து என்று உடம்பு சொல்வதுதான் வலி, அது காதில் விழாதபடி செய்துவிட்டுக் கத்தினால் தொண்டை என்னத்துக்கு ஆகும்? நாலாவது வாரம் ஒரு நாள் காலையில் எழுந்தால் பேசவே குரல் வரவில்லை, வெறும் காற்றுதான் வந்தது.

காது மூக்கு தொண்டை மருத்துவர் மூக்கு வழியாக மெல்லிய கேமராவை விட்டுத் திரையில் காட்டினார். தொண்டைக்குள் அதிர்ந்து சத்தம் எழுப்புகிற இரண்டு குரல் நாண்களிலும் எதிரெதிராகச் சின்ன வீக்கம். இப்படியே பாடிக்கொண்டிருந்தால் கையில் காய்ப்பு காய்க்கிற மாதிரி இறுகிவிடும் என்றார். ஒரு ஸ்தாயி ஏறினால் அதிர்வு இரண்டு மடங்காகிறது, வினாடிக்கு 220 முறை என்பது 440 ஆகும். அத்தனை முறையும் நாண்கள் ஒன்றையொன்று தொடுகின்றன, மூச்சை முட்டித் தள்ளினால் அந்தத் தொடுதல் அடியாக மாறுகிறது.

கொஞ்ச நாள் குரலுக்கு ஓய்வு (கிசுகிசுப்பதும் ஓய்வு ஆகாதாம்), பிறகு குரல் சிகிச்சை. அங்கேதான் விஷயம் புரிந்தது. மேலே போகப் போக நாண் நீண்டு மெலிய வேண்டும், அழுத்தினால் அது மெலியாது. அதனால் முதலில் சத்தத்தைக் குறைத்து, உதட்டைப் படபடவென்று அதிரவிட்டோ ஒரு ஸ்ட்ராவுக்குள் முனகியோ கீழிருந்து மேலே வழுக்கிக்கொண்டு போகச் சொன்னார்கள். உச்சத்தில் 'ஈ' வந்தால் பல்லைக் கடித்துப் பிடிக்காமல் வாயை 'எ' பக்கமாகச் சற்றுத் திறக்க வேண்டும். என்னைத் திட்டினாரே கள்ளக்குரல் என்று, அந்த மெல்லிய குரலில் தொடங்கி, அதற்குத்தான் கொஞ்சம் கொஞ்சமாகப் பலம் ஏற்றுகிறார்கள். எனக்கு இன்னும் முழுதாகச் சரியாகவில்லை, ஆனாலும் அதே மேல் சட்ஜத்தை இப்போது பாதிச் சத்தத்தில் வலியில்லாமல் தொடுகிறேன்.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். உங்கள் சாதகம் (பாட்டுப் பயிற்சி) போதவில்லை என்று ஒரு வரி பதில் வந்தது, அதோடு என் எண்ணையும் தடுத்துவிட்டார்கள்.

பாட்டு கற்றுக்கொள்கிற யாராக இருந்தாலும் சரி, வலித்தால் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள், கரகரப்பு மூன்று வாரம் தாண்டினால் மருத்துவரிடம் போய் நாணைப் பார்க்கச் சொல்லுங்கள். அந்த விளம்பரம் இன்றைக்கும் ஓடிக்கொண்டிருக்கிறது. அதில் பாடிக்காட்டுகிற பெண்ணின் கழுத்தைக் கவனியுங்கள்.