நுவரெலியாவா, ரிவர்ஸ்டனா: யாழ்ப்பாணத்து மோட்டார் சைக்கிளுக்கு எந்த மலை?

யாழ்ப்பாணத்தில் இருந்து மோட்டார் சைக்கிளில் மலை பார்க்க வெளிக்கிடுகிறவர்களுக்குக் கண்டிப் பக்கம் போய்ச் சேர்ந்ததும் வரும் கேள்வி ஒன்றுதான்: கையில் இருக்கும் ஒரு நாளை எங்கே செலவழிப்பது? ஒரு வழி, கண்டியில் இருந்து கம்பளை, புசல்லாவை, றம்பொடை ஊடாக நுவரெலியா. மற்றது, மாத்தளையில் இருந்து ரத்தோட்டை ஊடாக ரிவர்ஸ்டன். இரண்டும் ஓடியிருக்கிறேன். இனி ஒரு நாள்தான் என்றால் நான் ரிவர்ஸ்டனுக்குத்தான் போவேன். எங்களைப் போலச் சமதரையில் ஓடிப் பழகியவர்களுக்கும் அதையே சொல்வேன்.

தூரத்தைப் பார்த்தால், ஏ9 வீதியில் கண்டிக்கு முன்னாலேயே மாத்தளை வந்துவிடும். யாழ்ப்பாணத்தில் இருந்து ஏறக்குறைய 300 கிலோமீற்றர். விடியவே வெளிக்கிட்டால் வவுனியா, மிகிந்தலை, தம்புள்ளை தாண்டிப் பொழுதுபட முன்னம் மாத்தளையில் இறங்கி, குளித்து, சாப்பிட்டுப் படுக்கலாம். நுவரெலியா என்றால் கண்டி நெரிசலுக்குள் நுழைந்து வெளியேற வேண்டும். அதன்பிறகு 77 கிலோமீற்றர்.

காட்சியில் எது குறைவு என்று சண்டை பிடிக்க நான் வரவில்லை. நுவரெலியாப் பாதையில் கொத்மலை நீர்த்தேக்கம், றம்பொடை அருவி, ஆஞ்சநேயர் கோவில், லபுக்கலைத் தேயிலை எல்லாம் றோட்டோரத்திலேயே கிடைக்கும். ரிவர்ஸ்டனில் நக்கிள்ஸ் மலைத்தொடரின் காற்றும் மூடுபனியும், கொஞ்சம் தள்ளிப் பிட்டவல பத்தனப் புல்வெளியும். 2010 இல் யுனெஸ்கோ உலக மரபுரிமையாக அறிவித்த மத்திய மலைநாட்டில் நக்கிள்ஸும் அடங்கும். சாப்பாடு, தேத்தண்ணி, பெற்றோல் செட் விசயத்தில் நுவரெலியாப் பாதை எவ்வளவோ மேல். வழிநெடுகத் தமிழில் கதைக்க ஆட்களும் உண்டு.

அப்புறம் ஏன் ரிவர்ஸ்டன்? இறக்கத்தால்.

மலை ஏறுவது பெரிய பாடில்லை. கியரைக் குறைத்தால் 100 சிசி வண்டியும் முனகிக்கொண்டு ஏறிவிடும். இறங்குவதுதான் வேறு வித்தை, அதைப் பழக எங்கள் ஊரில் இடமே இல்லை. பருத்தித்துறையில் இருந்து பண்ணை வரை ஓடினாலும் பிறேக்கைத் தொடர்ந்து ஒரு நிமிடம் பிடிக்க வேண்டி வராது. நுவரெலியா கடல்மட்டத்தில் இருந்து 1,868 மீற்றர், கண்டி ஏறக்குறைய 500. வண்டியும் இரண்டு பேரும் பையுமாக 300 கிலோ வரை வரும் பாரத்தை 1,300 மீற்றருக்கு மேல் இறக்க வேண்டும். அந்த வேகத்தை எதுவோ ஒன்று விழுங்கத்தான் வேண்டும்: ஒன்று எஞ்சின், இல்லாவிட்டால் பிறேக்.

பிறேக்கிடம் மட்டும் விட்டால் என்ன நடக்கும் என்பதைக் கிட்ட நின்று பார்த்தேன். கூட வந்த மச்சானின் வண்டிக்குப் பின்பக்கம் டிரம் பிறேக். லபுக்கலைக்குக் கீழே வளைவுக்கு வளைவு காலை எடுக்காமல் மிதித்துக்கொண்டே வந்தான். றம்பொடைக்கு முன்னம் நிறுத்தியபோது கருகின வாசம் எனக்கும் அடித்தது. பெடல் முன்பு நின்ற இடத்தில் நிற்கவில்லை, இன்னும் கீழே போனது. சக்கரத்தோடு சுற்றும் டிரம் சூட்டில் விரியும். அதை உள்ளிருந்து அழுத்திப் பிடிக்கும் சூவுக்கும் டிரம்முக்கும் இடைவெளி கூடும். சூவில் ஒட்டியிருக்கும் லைனிங் பிடிப்பை இழக்கும். அரை மணித்தியாலம் நிழலில் விட்டபிறகுதான் பெடல் பழைய இடத்துக்கு வந்தது. டிஸ்க் என்றாலும் முழு நிம்மதி இல்லை. பிறேக் ஒயில் நாள்பட ஈரத்தை இழுக்கும். சூடேறினால் அந்த ஈரம் ஆவியாகும், அப்போது பிறேக் லீவரை இழுத்தால் அது ஹாண்டில் பிடி வரைக்கும் வந்துவிடும். ஒயில் மாற்றி இரண்டு வருடம் கடந்திருந்தால் வெளிக்கிட முன்னம் மாற்றிவிடுங்கள்.

செய்ய வேண்டியது இதுதான்: எந்தக் கியரில் ஏறுவீர்களோ அதே கியரில் இறங்குங்கள். அனேகமாக இரண்டாவது, கொண்டை ஊசி வளைவில் முதலாவது. அக்சிலேற்றரை முழுதாக விட்டால் எஞ்சினே வண்டியைப் பின்னால் இழுத்துப் பிடிக்கும். பிறேக்கை வளைவுக்கு முன்னம் இறுக்கிப் பிடித்து, முழுக்க விட்டுவிடுங்கள். இடையில் அது ஆறும். 2022 பெற்றோல் தட்டுப்பாட்டில் மோட்டார் சைக்கிளுக்கு வாரம் நாலு லீற்றர் என்று கியூஆர் போட்ட காலத்தில் பெற்றோலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் உருளப் பழகினவர்கள் அந்தப் பழக்கத்தை வவுனியாவோடு விட்டுவிட வேண்டும். ஸ்கூட்டரில் இந்த வழிகளை நான் ஓடவில்லை. ஆனால் மெதுவாகும்போது அதன் கிளச் தானாகக் கழன்றுவிடும் என்பதால், எஞ்சின் பிடிப்பு மிகவும் தேவைப்படும் இடத்தில்தான் அது கிடைக்காது. கியர் வண்டி இருந்தால் அதையே எடுங்கள்.

இப்படி இறங்க முதலில் வேண்டியது மெதுவாகப் போகும் சுதந்திரம். நுவரெலியா வீதியில் அது கிடைப்பதில்லை. மரக்கறி லொறி, பஸ், சுற்றுலா வான் என்று பின்னால் வரிசை கட்டும். இரண்டாவது கியரில் இருபதில் இறங்கினால் ஹோர்ன் விடாது. பதறி வேகத்தைக் கூட்டுவோம், உடனே பிறேக்கைப் பிடிப்போம், சூடு ஏறும். பழகின சாரதிகளுக்கும் அந்த வீதி லேசானதில்லை. 2025 மே 11 அதிகாலை கொத்மலைக்குக் கிட்ட கரண்டியெல்லவில் ஒரு பஸ் பள்ளத்தில் பாய்ந்து இருபது பேருக்கு மேல் இறந்தார்கள்.

ரத்தோட்டைக்கு மேலே பாதை ஒடுக்கம், இறக்கமும் குத்தாகவே இருக்கும். ஆனால் வார நாளில் பின்னால் வாகனம் வந்தால்தான் அதிசயம். வந்தாலும் ஓரமாக நின்று போகவிடலாம். முதலாவது கியரில் ஊர்ந்தாலும் கேட்க ஆளில்லை. இறக்கம் பழக இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. மச்சானும் அங்கேதான் பழகினான். இரண்டாவது நாள் ரத்தோட்டையில் டிரம்மைத் தொட்டுப் பார்த்தோம், இளஞ்சூடுதான்.

குறைகளும் உண்டு. ரத்தோட்டைக்கு அப்பால் பெற்றோலை நம்ப வேண்டாம், மாத்தளையிலேயே டாங்கியை நிரப்புங்கள். ரயர் காற்றுப் போனால் ஒட்டுக் கடைக்கு நெடுந்தூரம் உருட்ட வேண்டி வரலாம். நான் போனதெல்லாம் மாசி, பங்குனியில், காய்ந்த றோட்டில். மார்கழி மழையில் ஓடினவர்கள் வழுக்கலையும் அட்டைக்கடியையும் சொல்வார்கள். அந்தக் காலத்தில் போகச் சொல்ல என்னிடம் அனுபவம் இல்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு மலைநாட்டில் பல இடங்களில் றோட்டுச் சரிந்தது. ஆகவே முதல்நாள் இரவே மாத்தளையில் பஸ்காரரிடம் பாதை எப்படி என்று கேட்டுவிடுங்கள்.

அம்மாவையோ பிள்ளையையோ பின்னால் ஏற்றிப் போவதென்றால், சீதாஎலியக் கோவில் பார்க்க ஆசை என்றால், நுவரெலியாதான் சரி. அப்போதும் இறக்கத்தைப் பின்னேரத்துக்கு விடாதீர்கள். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் வெளிக்கிட்டு, வெளிச்சம் இருக்கும்போதே கம்பளையைப் பிடித்துவிடுங்கள்.