கிரீன் கார்டு செலவு என்று முதலாளி பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்

6,500 டாலர். மொத்தமும் போச்சு. ஆத்திரம் அடங்குவதற்குள் எழுதிவிடுகிறேன். எச்1பி என்ற அமெரிக்க வேலை விசாவில் இருப்பவர்கள் என்னென்ன பார்க்க வேண்டும் என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

நியூ ஜெர்சியில் ஒரு சின்ன ஐடி கன்சல்டன்சி. எனக்கு ஐந்தாவது வருடம் ஓடிக்கொண்டிருந்தது. ஆறு வருடத்துக்கு மேல் விசா நீட்ட, பெர்ம் என்கிற லேபர் மனு (கிரீன் கார்டுக்காக முதலாளி அமெரிக்கத் தொழிலாளர் துறையிடம் போடும் மனு) ஒரு வருடம் முன்பே போயிருக்க வேண்டும், இல்லை அதற்கு அடுத்த கட்டமாக முதலாளி குடியேற்றத் துறையிடம் போடும் ஐ-140 மனுவுக்கு அனுமதி கிடைத்திருக்க வேண்டும். இந்த அவசரம் ஓனருக்கு நன்றாகவே தெரியும். வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டார். வத்தக்குழம்பு, அப்பளம். மறுசோறு போட்டுக்கொண்டே, “தம்பி, உங்க கிரீன் கார்டு இனி என் பொறுப்பு. பெர்முக்கு வக்கீல் ஃபீஸ், விளம்பரச் செலவு மட்டும் நீங்க பாத்துக்கங்க. எல்லா கம்பெனியிலயும் இதான் வழக்கம்” என்றார். பணத்தைத் தன் மனைவி கணக்குக்கு ஸெல் (Zelle) என்ற பணப் பரிமாற்றச் சேவையில் போடச் சொன்னார். குறிப்பில் ‘கைமாற்று’ என்று எழுத வேண்டுமாம், வரிக்கு நல்லதாம்.

வழக்கமாம்! பெர்முக்கான வக்கீல் ஃபீஸும் விளம்பரச் செலவும் முதலாளி தலையில்தான், ஊழியரிடம் வாங்கவே கூடாது என்பது 2007 ஜூலையிலிருந்து தொழிலாளர் துறை விதி. வேறொரு வக்கீல் சொல்லித்தான் எனக்கே தெரிந்தது.

அப்புறம் கேட்டபோதெல்லாம் ஒரு சாக்கு. “சம்பள நிர்ணயம் வரணும்.” “பேப்பர்ல விளம்பரம் போயிட்டிருக்கு.” எந்தப் பேப்பர், எந்த ஞாயிற்றுக்கிழமை? “அதெல்லாம் ஹெச்ஆர் பாக்கறாங்க.” ஹெச்ஆர் என்பது அதே மனைவிதான். கேஸ் நம்பர் கேட்டால், “கம்பெனி ரகசியம் தம்பி.” கடைசியில் அவர் சொன்ன வக்கீல் ஆபீசுக்கே போன் போட்டேன். என் பெயரில் ஃபைலே இல்லை என்றார்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். “கைமாற்றுன்னு நீங்கதானே எழுதினீங்க? என்கிட்ட வாங்கின கடனத்தானே தீத்தீங்க?” என்கிறார். வாங்காத கடனுக்கு 6,500 டாலர்! அன்றைக்கு அந்த வார்த்தையை எழுதச் சொன்னது எதற்கென்று இப்போது புரிகிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பெர்முக்கு என்று பணம் கேட்டாலே கொடுக்காதீர்கள். ஜி-100 என்று தொடங்கும் கேஸ் நம்பரை வாங்கி, தொழிலாளர் துறையின் ஃபிளாக் (FLAG) இணையதளத்தில் நீங்களே போட்டுப் பாருங்கள். நம்பர் தர மறுத்தால் மனு போகவில்லை என்றே வைத்துக்கொண்டு வேறு வேலை தேடுங்கள். ஐ-140 கட்டணம் தனிக்கதை, இப்போது நேரமில்லை. வக்கீலைப் பார்க்கக் கிளம்புகிறேன். ஸெல் ரசீதையும் வாட்ஸப் பேச்சையும் அச்செடுத்து வரச் சொல்லியிருக்கிறார்.